பேர் வாசிக்கும்போது பேசாமல் இருந்தால் போதும்

போராட்டத் தொழிலில் முதல் பாடம், குற்றங்களை வரிசையாகச் சொல்வது. வரிசை பிசகினால் எதிராளி நடுவில் புகுந்து டீ வாங்கிக் கொடுத்துவிடுவான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மீதிப் படிப்பெல்லாம் நோட்டீஸில்தான். சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தேன், டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்ததைப் படித்தேன், பிறகு நானே எழுத ஆரம்பித்து முப்பது வருஷம் ஓடிவிட்டது. என் நோட்டீஸைப் படித்துவிட்டு இந்த ஜில்லாவில் தூக்கம் கெட்ட அதிகாரிகள் உண்டு. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன். இப்போது தூக்கம் கெட்டவன் நான். என்னைப் போல ஐந்து சென்ட்டை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் நண்பர்களே, எனக்கு நடந்ததை வரிசையாக வைக்கிறேன். உங்கள் வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் குற்றம்: புதுக்கோட்டைக்கு வெளியே சிவனே என்று கிடந்த எங்கள் தெருவை நகரத்தோடு சேர்த்தார்கள். யாரையும் கேட்டுச் சேர்க்கவில்லை. இரண்டாவது: நகரத்து வரி வந்தது, நகரத்துத் தண்ணீர் வரவில்லை. மூன்றாவது: எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கடலைக் கொல்லைகளை ஒரு கம்பெனி வாங்கி, கலர் கலராகக் கொடி நட்டு, ஆர்ச் கட்டி, 'நகர்' என்று பெயர் வைத்தது. நான்காவது: எங்கள் மனையின் தென்மேற்கு மூலையில் நின்ற அளவுக்கல் காணாமல் போனது. அந்தக் கல்லில்தான் என் மனைவி ஆட்டைக் கட்டுவாள். ஒருநாள் காலையில் பார்த்தால் ஆடு கயிற்றோடு வாசலில் வந்து நிற்கிறது. கல்லை மட்டும் காணவில்லை. ஐந்தாவது குற்றம் கொஞ்சம் பெரியது. அதற்குத் தனித் தலைப்பு வேண்டும்.

அடுப்படி வழியாக ஒரு ரோடு

நகர அலுவலகத்தில் மனைப்பிரிவு பிளான் பார்க்கும் பிரிவு மாடியில் இருக்கிறது. அங்கே ஒரு கிளார்க், தன்மையானவர். நான் போன அன்று அந்தக் கம்பெனி 'நகரின்' வரைபடத்தை மேஜை மேல் விரித்துக் காட்டினார். கம்பெனிக்கு அனுமதி கிடைக்க வேண்டுமென்றால் மெயின் ரோட்டிலிருந்து முப்பது அடி அகலத்துக்குப் பாதை வேண்டும். எங்கள் வேலியை ஒட்டிப் போவது பழைய வண்டிப்பாதை; மாடு பூட்டிய வண்டி ஒன்று போனால் எதிரே வருகிறவன் வேலிக்குள் ஒதுங்க வேண்டும். ஆனால் வரைபடத்தில் முப்பது அடி சௌகரியமாகப் படுத்திருந்தது. மீதி அகலம் எங்கிருந்து வந்தது என்று விரலை வைத்துப் பார்த்தேன். என் வீட்டு போர்வெல், குளியலறை, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அடுப்படி மூன்றும் விரலுக்கு அடியில் இருந்தன. போதாததற்கு, அந்தப் பாதையை நகரத்துக்குத் தானப் பத்திரமும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்தவன் அடுப்படியைத் தானம் கொடுத்த புண்ணியவான்களை என் அனுபவத்தில் அன்றுதான் கண்டேன்.

"இன்னும் முடிவாகல சார்," என்றார் கிளார்க். "எடத்துலேயே ஒரு விசாரணை வைப்பாங்க. பக்கத்துப் பட்டாதாரங்க பேர மூணு தடவ வாசிப்பாங்க. ஆட்சேபணை இருந்தாச் சொல்லலாம். பேசாம இருந்தா ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்குவாங்க." நான் அங்கேயே எழுந்து நின்று ஆட்சேபிக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். பட்டா என் மனைவி பேரில் இருந்தது. சத்துணவுக் கூடத்தில் சமைத்து அவள் வாங்கிய மனை அது. பத்திரம் பதிந்த அன்று நான் ஒரு மறியலில் கைதாகி, கல்யாண மண்டபத்தில் போலீஸார் போட்ட சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிளார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க அவங்க வீட்டுக்காரர்தான் சார், இல்லேங்கல. ஆனா அன்னைக்கி அம்மாதான் வாயத் தொறக்கணும்."

என் மனைவியின் வாய்

இதைப் படிக்கும் உங்களுக்கு அந்த வார்த்தையில் பயப்பட ஒன்றும் இருக்காது. எனக்கு இருந்தது. என் மனைவி ஆரோக்கியமேரி, ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். சத்துணவுக் கூடத்தில் அவள் ஒரு சத்தம் போட்டால் நூறு தட்டுகள் வரிசையில் நிற்கும். ஆனால் காக்கிச் சட்டையையோ மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்த ஆளையோ பார்த்துவிட்டால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரேஷன் கடையில்கூட என்னை முன்னால் தள்ளிவிட்டு முதுகுக்குப் பின்னால் நிற்பாள். அது பிறவிக் குணமல்ல. என்னைத் தேடி ஜீப் வந்த நாட்களில் இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்று நின்று வந்த பழக்கம்.

ஒருமுறை நான் பரணில் ஒளிந்திருந்தேன். கீழே ஏட்டு, "எங்கம்மா ஒங்க வீட்டுக்காரரு?" என்று கேட்கிறார். இவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டாம் முறை கேட்டார். அப்போதும் வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை; வீராங்கனை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் ஏணியைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஜீப்பில் ஏறும்போது ஏட்டு என் தோளில் கையைப் போட்டார்.

"அம்மா சொல்லலப்பா. அவங்க கண்ணுதான் மேல மேல பாத்துச்சு."

ஆரஞ்சுப் பழம்

கம்பெனிக்கு ஒரு மேனேஜர். இளவயது, வெள்ளைச் சட்டை. நான் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு தடவை வந்து போயிருக்கிறான். மூன்றாம் தடவை நான் நடுவில் வந்துவிட்டேன். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே உட்கார்ந்திருந்தான். ஸ்டூல் மேல் ஒரு பை ஆரஞ்சுப் பழம். "தோழர்ட்ட பேசுனா கூட்டம் போட்டுருவாரு. அதான் ஒங்களப் பாக்க வந்தேம்மா," என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "நீங்க கையெழுத்துக்கூடப் போட வேணாம். அன்னைக்கிப் பேரு வாசிப்பாங்க. பேசாம இருந்தாப் போதும். இதவிட நல்லதா ஒரு அடுப்படி வேற எடத்துல நாங்க கட்டித் தாரோம்."

கேட்டீர்களா? லஞ்சம் கொடுக்கிறவனை எனக்குத் தெரியும், கையெழுத்துக்கு மிரட்டுகிறவனையும் தெரியும். ஒன்றும் செய்யாதே, சும்மா இரு என்று கேட்டு வந்தவனை எப்படி எதிர்ப்பது? "வெளிய போய்யா!" என்று கத்தினேன். அவன் கோபப்படவில்லை. வாசலில் குனிந்து ஷூ நாடாவை நிதானமாகக் கட்டினான். நிமிர்ந்தவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று அதுவரை நாங்கள் அவனிடம் சொன்னதில்லை.

"சின்னவுக கீரனூர் ஆஸ்பத்திரிக்கித்தானே நர்சு வேலைக்குப் போறாக? எட்டு மணி பஸ்ஸு ஒரே கூட்டமா இருக்கும். நம்ம காரு அங்கிட்டுத்தான் போகுது, ஏறிக்கச் சொல்லுங்கம்மா."

எட்டு மணி பஸ்

மறுநாளிலிருந்து மகள் பிலோமினாவைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் ஏற்றிவிடுவதை நான் வேலையாக வைத்துக்கொண்டேன். அவளிடம், "எனக்கும் அங்கிட்டு ஒரு சோலி இருக்கு" என்று சொல்லிவைத்தேன். கீரனூர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, பழக்கடையை ஒட்டி ஒரு வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது. பஸ் புறப்பட்டால் காரும் புறப்படும். சில நாள் கார் அங்கே இருக்காது. இல்லாத நாளில்தான் எனக்குப் பயம் அதிகம். இவன் முன்னாலேயே போய் எங்காவது நிற்கிறானோ என்று.

ஜெகதாப்பட்டினத்தில் மீனவர்களைக் கடலில் பிடித்துக்கொண்டு போனபோது ஐஸ் பிளாண்ட் வாசலில் மறியல் செய்து, லத்தி அடி வாங்கியும் எழுந்திருக்காதவன் நான். அதே நான், ஒரு காரின் நம்பரை எழுதி வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் படியேறினேன். அடி வாங்கப் போனபோதெல்லாம் நிமிர்ந்து போன வாசலில், காப்பாற்றுங்கள் என்று கேட்கக் குனிந்து போனேன். எஸ்.ஐ.க்கு என்னைத் தெரியும். உட்காரச் சொன்னார். முழுவதும் கேட்டார். பாவம், அவரும் ஒரு பெண்ணைப் பெற்றவர்தான்.

"கார் தொடல, பேசல, ஹாரன்கூட அடிக்கல. நின்னதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடட்டும் தோழர்?"

எந்தப் பக்கம் கொடி

இனி ஆள்பலம்தான் என்று சுப்பையாவிடம் போனேன். தச்சுத் தொழிலாளி. அந்த ஐஸ் பிளாண்ட் வாசலில் என் பக்கத்தில் படுத்திருந்தவர். போலீஸ் தூக்கியபோது என் வேட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு, கடைசியில் வேட்டி அவர் கையிலும் நான் வேனிலும் போய்ச் சேர்ந்தோம். விசாரணை அன்று இருபது பேரைக் கொடியோடு கொண்டுவந்து நிறுத்துங்கள், என் மனைவிக்கு அது ஒரு தைரியமாக இருக்கும் என்று கேட்டேன். அவர் டீ போடச் சொன்னார். டீ வந்தது. குடித்து முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் அனுப்பியதில் அந்த நகரிலேயே ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறார். வாங்கும்போது என் அடுப்படி அவருக்குத் தெரியாது. ஆர்ச்சும் கொடியும்தான் தெரிந்தது. ரோடு இல்லாததால் பேங்கில் லோன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. வாடகை வீட்டின் ஒழுகும் கூரைக்கு அடியில் அவர் மனைவி அண்டாவை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க அடுப்படி போனாத்தான் எனக்கு வீடு வரும் தோழர். நான் எந்தப் பக்கம் கொடி பிடிக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

நிற்கிற வண்டி

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு ஜேசிபி வந்தது. வண்டிப்பாதையில், எங்கள் அடுப்படிக்கு நேர் எதிரே நின்றது. இன்ஜின் ஓடவில்லை. வாளி மட்டும் ஆஸ்பெஸ்டாஸுக்கு மேலே தூக்கியபடி இருந்தது. மேரி சோறு வடிக்கும்போது ஜன்னல் வழியே அதன் பற்கள் தெரியும். சாயங்காலம் போய்விடும், காலையில் காபித்தூள் டப்பாவைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். ஓடுகிற பஸ்ஸை மறித்திருக்கிறேன், லாரியை மறித்திருக்கிறேன், ஒருமுறை ரயிலையும் மறித்திருக்கிறேன். நிற்கிற வண்டியை மறிப்பது எப்படி என்று எந்த நோட்டீஸும் எனக்குக் கற்றுத் தரவில்லை. அவள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்தாள். நான் அதைச் சொல்லாமல் சாப்பிட்டேன்.

டிரைவர் சேலம் பக்கத்துக்காரன். வெயிலில் உட்கார்ந்தே கிடந்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேரி சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "எப்பத்தாம்ப்பா இடிக்கப் போற? சொல்லிட்டா பாத்திரத்தையாச்சும் எடுத்து வைப்பேன்," என்றாள். அவன் அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"இடிக்கச் சொல்லலக்கா. நிறுத்தி வைக்கத்தான் சொன்னாங்க. ரெண்டுக்கும் ஒரே வாடகைதான்."

மூன்று ஞாயிறு

நான் மாதா கோயிலுக்குள் போய் முப்பது வருஷமாகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேரியை டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் விட்டு, பூசை முடியும்வரை வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்கும். விசாரணைக்கு முந்திய ஞாயிறு ஓலை வாசித்தார்கள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குத் தெரியும்: கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சபைக்கு முன்னால் சாமியார் வாசிப்பார். இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்பார். யாரும் தெரிவிக்க மாட்டார்கள். அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்.

திரும்பி வரும்போது பின்னால் இருந்து கேட்டாள்: "ஏங்க, ஓலை வாசிக்கிறப்ப யாராச்சும் தடை சொல்லிப் பாத்திருக்கீங்களா?" நான் எங்கே பார்த்தேன். "நான் பாத்திருக்கேன்," என்றாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஊரில் ஒருத்தனுக்கு ஓலை வாசித்தார்களாம். கடைசி ஞாயிறு, கடைசி பெஞ்சில் வெளியூர்க்காரப் பொம்பளை ஒருத்தி எழுந்து நின்றாளாம். அவனுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே கல்யாணமாகிப் பிள்ளை இருந்ததாம். "பூசைக்குப் பொறவு தனியாச் சொல்லலாம்ல? அவுக அதெல்லாம் பாக்கல. அங்கேயே நின்னாக. கால் நடுங்குது. பெஞ்சப் பிடிச்சாக, பெஞ்சும் ஆடுது. நான் அதே பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தேன்." நான் வழக்கம்போலச் சாமியார்களைப் பற்றி ஒன்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"தெரிஞ்சும் பேசாம இருந்தா அந்தப் பாவம் நம்ம தலையிலன்னு சாமியார் சொல்வாரு. ஒங்க நோட்டீஸ்ல அப்புடி ஏதும் போட்டிருக்கா?"

பிளாஸ்டிக் நாற்காலி

விசாரணை அன்று காலையில் மேரி மகளிடம், "நீ பஸ்ஸுக்குப் போக வேணாம். எங்கூட வா, என் கண்ணு முன்னாடி இரு," என்றாள். பேசுவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். பேசாவிட்டால் அடுப்படி போய்விடும். பேசினால் அந்த வெள்ளைக் கார். இரண்டில் எது வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாமல் நடந்தேன்.

கம்பெனி போட்ட ஷாமியானா, கம்பெனி போட்ட நாற்காலி. அதிகாரி ஒரு பெண்மணி. அன்றைக்கு அது மூன்றாவது இடமாம், முகம் வாடியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேர். ஒருவர் சுப்பையா. என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். மேரிக்கு நேர் பின்னால் மேனேஜர். அதிகாரி வாசிக்க எழுந்ததும், ஒரு வாரமாக வந்து வந்து சும்மா நின்ற ஜேசிபி, நின்ற இடத்திலேயே முதல் தடவையாக உறுமியது.

முதல் பேர், எங்களுக்கு அடுத்த வீட்டு ரிட்டயர்டு வாத்தியார். தரையைப் பார்த்தார். ஆட்சேபணை இல்லை என்று எழுதினார்கள். அடுத்தது மேரியின் பேர். அவள் அசையவில்லை. நான் எழுந்தேன். "நீங்க ஒக்காருங்க. பட்டாதாரர்தான் பேசணும்," என்றார் அதிகாரி. இரண்டாம் முறை வாசித்தார். பின்னாலிருந்து மேனேஜர் மெதுவாக, "இன்னும் ஒரு தடவதாம்மா. பேசாம இருங்க, முடிஞ்சுரும்," என்றான். மூன்றாம் முறை பேர் வந்தது. டக டகவென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சரளைக் கல் மேல் அவள் நாற்காலியின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் உதடு அசைந்தது. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "என்னம்மா?" என்று அதிகாரி காதில் கையை வைத்தார். அப்போது இன்ஜின் நின்றது. மேனேஜர் திரும்பி முறைத்தான். "டீசல் இல்ல சார்," என்றான் சேலத்துக்காரன்.

"தடை இருக்குங்க," என்றாள் மேரி. "அது ரோடு இல்லங்க, என் அடுப்படி. காலைலகூட அதுலதான் சமைச்சுட்டு வந்தேன்."

அதிகாரி எழுத ஆரம்பித்தார். மேனேஜர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். அவன் பார்த்தது மேரியை அல்ல, அவள் பக்கத்தில் இருந்த பிலோமினாவை. சிரித்தான். நாளைக்கும் எட்டு மணிக்குப் பஸ் உண்டு. எனக்கு அந்தப் பயம் இன்றுவரை போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? கையை உயர்த்தி ஒரு முழக்கம் போடப் போனேன். மேரி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். எழுதியதைச் சாட்சிகளுக்கு வாசித்துக் காட்ட அதிகாரி காகிதத்தைக் கையில் எடுத்திருந்தார்.

"சும்மா இருங்க. அவுக பேரு வாசிக்கிறாக."

முப்பது வருஷம் மைக்கைப் பிடித்து யார் யார் பேரையோ வாசித்துக் கைதட்டு வாங்கிய எனக்கு, இந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்கிறவர்கள் கால் நடுங்குகிறவர்கள்தான் என்று விளங்க, தலை குனிந்திருந்த சுப்பையாவின் காதிலும் விழும்படி அந்த அதிகாரி அம்மாள் ஒரே ஒரு வரி வாசிக்க வேண்டியிருந்தது: "ஆட்சேபணை தெரிவித்தவர், பட்டாதாரர் ஆரோக்கியமேரி."